முழுக்கை வெட்சூட்: 200 மீற்றரிலயே தோள் செத்துப்போகுது, பிழை எங்க?

கல்கிசை_அலை:
டிசம்பரில மேற்கு அவுஸ்திரேலியா பஸ்ஸல்டனில 70.3 ட்ரையத்லன் போட்டி (நீச்சல், சைக்கிள், ஓட்டம்). கடலில 1.9 கிலோமீற்றர் நீந்தோணும். அங்க அந்த நேரம் தண்ணி 20, 22 பாகைதான் எண்டதால முழுக்கை வெட்சூட் (குளிர் தாங்கிற நியோபிரீன் ரப்பர் நீச்சல் உடுப்பு) ஒண்டு லண்டனில இருந்து வரவழைச்சிருக்கிறன். உயரம் 170 சென்ரிமீற்றர், எடை 77 கிலோ, சைஸ் எம். பூலில வெட்சூட் இல்லாம 100 மீற்றர் 2 நிமிசம் 20 செக்கன்.

பிரச்சினை இதுதான். போட்டு நீந்தினா 200 மீற்றரிலயே ரெண்டு தோளும் எரியுது. தொண்டையை ஆரோ பிடிச்சிருக்கிற மாதிரி. கழுத்தில ஒரு பக்கம் தோல் உரிஞ்சு போச்சு. சைஸ் பிழையா? கையில்லாத மொடலுக்கு மாறட்டோ? கொழும்புச் சூட்டுக்குள்ள இதைப் போட்டு எங்க, எவ்வளவு நேரம் பழகலாம்? வாஸலின் பூசலாமோ கூடாதோ? ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள்.

லேன்_நாலு:
தம்பி, சைஸை மாத்த முதல் ஒரு சோதனை செய்து பாருங்கோ. வெட்சூட்டை முழுசாப் போட்டு, சிப்பை மூடி, கண்ணாடிக்கு முன்னால நிண்டு ரெண்டு கையையும் நேரா மேல தூக்குங்கோ. பிறகு கவட்டுக்குள்ள ரப்பரைக் கிள்ளிப் பாருங்கோ. கிள்ளுப்படுதெண்டா உடுப்பு இன்னும் முழுசா மேல வரேல்லை. தோள் எரியிற பத்துப் பேரில எட்டுப் பேருக்குப் பிழை தோளிலயோ சைஸிலயோ இல்லை, கவட்டிலதான்.

காரணம் லேசு. இது ஒரே துண்டு ரப்பர். கவட்டில ரெண்டு சென்ரிமீற்றர் குறைஞ்சா அந்த ரெண்டு சென்ரிமீற்றரை நீங்கள் கை நீட்டுற ஒவ்வொரு தரமும் தோளால இழுக்கோணும். உங்கட வேகத்தில 1.9 கிலோமீற்றருக்கு 44 நிமிசம். நிமிசத்துக்கு 55 கைவீச்சு எண்டு வைச்சா 2,400 தரம். ரப்பர் பட்டியை அத்தனை தரம் இழுத்தா ஆருக்கும் எரியும்.

போடுற முறையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். இதிலதான் எல்லாரும் அவசரப்படுறது.

முதல் நாளுகளில 15 நிமிசம் ஒதுக்குங்கோ. கொழும்பில பெரிய எதிரி வேர்வை. ஈரத் தோலில ரப்பர் வழுக்காது, ஒட்டும். ஏசி அறையிலயோ ஃபானுக்குக் கீழயோ நிண்டு, உடம்பை நல்லாத் துடைச்சுப்போட்டுத் தொடங்குங்கோ. நகம் வெட்டியிருக்கோணும், மோதிரம் மணிக்கூடு கழட்டியிருக்கோணும். பருத்திக் கையுறை ஒரு சோடி இருந்தா அதைப் போட்டுக்கொண்டு இழுக்கிறது இன்னும் பாதுகாப்பு. வெட்சூட்டின்ர வெளிப்பக்கத் தோல் நகத்துக்குக் கத்தரிக்காய் மாதிரி, பிறை வடிவில வெட்டுப்படும்.

காலில ஒரு சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு விடுங்கோ, வழுக்கிக்கொண்டு போகும். காலின்ர விளிம்பு கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேல நிக்கோணும். கணுக்காலில கொண்டுபோய் நிப்பாட்டினா அங்கயே நீளம் வீணாப்போச்சு. அதுக்குப் பிறகு விரல்நுனிச் சதையால, நகத்தால இல்லை, கெண்டைக்காலில சின்னதா ஒரு மடிப்புப் பிடிச்சு ஒரு அங்குலம் மேல நகர்த்துங்கோ. விட்டுட்டு அதுக்கு மேல அடுத்த மடிப்பு. முழங்கால், தொடை எண்டு மடிப்பை மேல ஓட்டிக்கொண்டே போய்க் கவட்டில முடிக்கோணும். இடுப்புப் பட்டியைப் பிடிச்சு ஒரே இழுவையா இழுத்தா இடுப்பு மட்டும் உயரும், தொடையில சுருக்கம் அப்பிடியே நிக்கும். ரெண்டு காலும் முடிஞ்சு, கவட்டில கிள்ள ஏலாத அளவுக்கு வந்த பிறகுதான் கையைத் தொடவேணும்.

கையும் அதே மாதிரி. சொப்பிங் பையைக் கையில மாட்டி விடுங்கோ, விளிம்பு மணிக்கட்டுக்கு மூண்டு விரல் மேல. முழங்கையில இருந்து ரப்பரை மேல ஓட்டி, கமக்கட்டுத் தையல் உண்மையான கமக்கட்டில முட்டவேணும். மிஞ்சுற ரப்பரைத் தோளுக்கு மேலால கழுத்துப் பக்கம் தள்ளிவிடுங்கோ. பிறகு குனிஞ்சு, வயித்தில இருந்தும் விலாவில இருந்தும் மடிப்பெடுத்து நெஞ்சுக்கு ஏத்துங்கோ. தோள்மூட்டுக்கு மேல ஒரு சின்னச் சுருக்கம் கூடுதலா நிக்கோணும், இறுக்கமா மினுங்கக் கூடாது. அந்தச் சுருக்கம்தான் கை நீட்டேக்க உங்களுக்குக் கிடைக்கிற தளர்வு.

சிப்புக்கு ஒராளின்ர உதவி எடுங்கோ. தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னால ஒண்டுசேர்த்து நில்லுங்கோ, மற்ற ஆள் சிப்பின்ர அடியைக் கீழ்நோக்கிப் பிடிச்சுக்கொண்டு மேல இழுக்கட்டும். கயித்தைப் பிடிச்சுப் பலமா இழுத்து மூடவேண்டி வந்தா முதுகுப் பக்கம் ரப்பர் இன்னும் வரேல்லை எண்டு அர்த்தம். திரும்பக் குனியுங்கோ.

தண்ணியில இறங்கினதும் நெஞ்சளவில நிண்டு கழுத்துப் பட்டியை இழுத்து ஒரு கோப்பை அளவு தண்ணியை உள்ள விடுங்கோ. கையை வீசி அதைப் பரவவிட்டு, கரையில ஏறி நிண்டு கீழால வடியவிட்டா உள்ளுக்க இருந்த காத்தெல்லாம் போய் ரப்பர் தோலோட அப்பிடியே ஒட்டும். இதைச் செய்யாம நீந்தினா முதல் 300 மீற்றர் முழுக்க உடுப்பு தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்.

நியோ_ரப்பர்:
லேன்_நாலு சொன்னது சரி. சைஸ் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

170 சென்ரிமீற்றருக்கு 77 கிலோ என்பது பல கம்பனிகளின் அட்டவணையில் இரண்டு சைஸுக்கு நடுவே விழும் உடல். ஐரோப்பிய அளவுகள் கொஞ்சம் உயர்ந்த, மெலிந்த ஆளுக்காக வெட்டப்படுகின்றன. நம்மவர்கள் பலருக்கு நெஞ்சும் வயிறும் ஒரு சைஸ் கேட்கும், கால் இன்னொரு சைஸ் கேட்கும். அப்போது எடையையும் நெஞ்சளவையும் நம்புங்கள். கால் நீளம் மிஞ்சினால் வெட்டிவிடலாம், நெஞ்சு போதாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பெரிதாக இருப்பதற்கும் அடையாளம் உண்டு. குப்புற மிதக்கும்போது முதுகின் வளைவில், பெல்ட் கட்டும் இடத்தில், தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றால் உடுப்பு பெரிது. கரையில் போட்டுப் பார்க்கும்போது ‘கொஞ்சம் இறுக்கம்’ என்று தோன்றுவதே சரியான அளவு, நனைந்தபின் இளகும்.

முழுக்கை என்றாலும் கையும் நெஞ்சும் ஒரே தடிப்பு அல்ல. நல்ல ட்ரையத்லன் வெட்சூட்டில் தோளும் கமக்கட்டும் 1.5 முதல் 2 மில்லிமீற்றர், நெஞ்சும் தொடையும் 3 முதல் 5 மில்லிமீற்றர். விதிப்படி 5க்கு மேல் போகக்கூடாது. இடுப்பிலும் தொடையிலும் தடிப்பு வைப்பது கால் தாழ்பவர்களுக்காக. ஹூப் கம்பனி இதை இலக்கமாகவே எழுதி விற்கிறது: 3:5 என்றால் மேல் 3, கீழ் 5, கால் தாழ்பவருக்கு, 4:4 ஏற்கெனவே உடல் சமமாக மிதப்பவருக்கு. 2:20 வேகத்தில் நீந்துபவருக்கு அநேகமாகக் கால் தாழும், அவர் 3:5 பக்கம் பார்ப்பது நல்லது. நீச்சல் பழகி வந்தவர் 3:5 போட்டால் குதிக்கால் தண்ணீருக்கு மேலே நின்று காற்றை உதைக்கும்.

இன்னொன்று. ஹிக்கடுவைப் பக்கம் டைவிங் கடைகளில் கிடைக்கும் 3 மில்லிமீற்றர் உடுப்பை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். அதன் வெளிப்பக்கம் நைலோன் துணி, தேய்மானத்துக்காகச் செய்தது. தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், தோளும் மற்ற இடங்களின் தடிப்புத்தான். ட்ரையத்லன் உடுப்பின் வெளிப்பக்கம் துணியே இல்லாத வழுவழு ரப்பர், பெரும்பாலும் யமமொட்டோ என்ற ஜப்பானிய ரப்பர் கம்பனியின் 38, 39, 40 என்ற தரங்கள். இலக்கம் ஏற ஏற இழுபட்டு நீளும் தன்மை கூடும், கிழியும் பயமும் கூடும். முதல் உடுப்புக்கு 38 போதும், 39 இன்னும் சௌகரியம். 40 நகத்தில் படாமல் போடத் தெரிந்தவருக்கு.

கல்கிசை_அலை:
கிள்ளிப் பார்த்தன். கவட்டில மூண்டு விரல் மடிப்பு நிக்குது! லேன்_நாலு அண்ணை சொன்ன மாதிரி திரும்பப் போட்டா 18 நிமிசம் எடுத்துது, ஆனா கை தூக்கேக்க முந்தி இருந்த இழுவை பாதிக்கு மேல குறைஞ்சிட்டுது. முதுகில தண்ணி தேங்கேல்லை, அப்ப சைஸ் சரிதான்.

தொண்டை மட்டும் இன்னும் இறுக்கம். கழுத்துக் காயத்துக்கும் வழி சொல்லுங்கோ.

லேன்_நாலு:
தொண்டை இறுக்கத்திலயும் பாதிக்குக் காரணம் அதேதான். முன்பக்க ரப்பர் கீழ நிண்டா கழுத்துப்பட்டி தொண்டையில கீழ்நோக்கி இழுக்கும். வயித்தில இருந்து நெஞ்சுக்கு இன்னும் ரெண்டு மடிப்பு ஏத்துங்கோ. மிச்சப் பாதி பழக்கம். கழுத்துப்பட்டிக்குள்ள ஒரு விரல் லேசாப் போகும், ரெண்டு விரல் போகாது எண்டா அளவு சரி. அதை இன்னும் தளர்த்தினா கைவீச்சுக்கு ஒருக்கா தண்ணி உள்ள வரும். அந்தக் குளிர் முதுகால ஓடேக்க தொண்டை இறுக்கமே பரவாயில்லை எண்டு தோணும்.

காயம் வெல்க்ரோவால. பட்டியில மெத்தெண்ட பக்கம் ஒண்டு, சொரசொரப்பு ஒண்டு. சொரசொரப்பு ஒரு மில்லிமீற்றர் வெளிய நிண்டாலும் உப்புத் தண்ணியில அது அரம் மாதிரி வேலை செய்யும். ஒட்டினபிறகு ஒராளைக்கொண்டு விரலால தடவிப் பார்க்கச் சொல்லுங்கோ, சொரசொரப்பு எங்கயும் தட்டுப்படக் கூடாது. திசை பார்க்கத் தலையைத் தூக்கேக்க பின்கழுத்து பட்டியோட உரசும். கண் மட்டும் தண்ணிக்கு மேல வந்தாக் காணும், நாடி வரத் தேவையில்லை.

பூசுறதுக்கு மெழுகுக் கட்டி மாதிரி வாற உரசல்தடுப்பு, அல்லது சிலிக்கோன் ஜெல். வாஸலின் வேண்டாம், பெற்றோலியச் சாமான் நியோபிரீனையும் தையலில இருக்கிற பசையையும் நாளடைவில தின்னும். தேங்காய் எண்ணெய் எண்டு அடுத்ததாக் கேப்பீங்கள். பூசின கையோட நீச்சல் கண்ணாடியைத் தொட்டீங்கள் எண்டா அண்டைக்கு முழுக்கப் புகார்தான். எதைப் பூசினாலும் கண்ணாடியையும் தொப்பியையும் முதல் எடுத்து வைச்சிட்டு, பூசினபிறகு கையைத் துவாயில துடையுங்கோ. இடங்கள்: பின்கழுத்து, தொண்டையின்ர ரெண்டு பக்கம், கமக்கட்டு, மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் மேல ஒரு வளையம். கடைசி ரெண்டும் காயத்துக்கு இல்லை, கெதியாக் கழட்டுறதுக்கு.

தாமரை_கொட்டாஞ்சேனை:
சூட்டைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை, கொழும்பில அதுதான் முதல் விசயம்.

எங்கட கடல் வருசம் முழுக்க 28 பாகையை ஒட்டித்தான் நிக்கும், வெயில் மாதத்தில அதுக்கு மேல. பூல் அதைவிடச் சூடா இருக்கும். 70.3 போட்டிகளை நடத்துற ஐயன்மேன் அமைப்பின்ர விதியிலயே 28.8 பாகைக்கு மேல வெட்சூட் ஆருக்கும் தடை. காரணம் போட்டி நியாயம் இல்லை, உடம்புச் சூடு. நீந்தேக்க தசை உண்டாக்கிற வெப்பத்தைத் தண்ணி இழுத்தெடுக்கோணும், நீங்கள் அதுக்கு 5 மில்லிமீற்றர் ரப்பரால கதவு போடுறீங்கள். தண்ணிக்குள்ள வேர்க்கிறது தெரியவும் தெரியாது. தலை கனக்கும், இதயம் வழமையைவிட வேகமா அடிக்கும், குமட்டும், பிறகு குழப்பம். முதல் ரெண்டுக்கே நிப்பாட்டிப்போட்டு கழுத்துப்பட்டியைத் திறந்து தண்ணியை உள்ள விட்டு வெளிய வாங்கோ.

அதால இங்க வெட்சூட்டோட நீந்துறது ஒரு தரத்துக்கு 8 முதல் 10 நிமிசம், மெதுவான வேகம், காலமை 6 மணியளவில. தனிய வேண்டாம். 400 மீற்றர் காணும். வெட்சூட் போட்டுக்கொண்டு கரையில ஓடி உடம்பு சூடாக்கிறதெல்லாம் பஸ்ஸல்டனுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ.

அப்ப மிச்சத்தை எப்பிடிப் பழகுறது? நியோபிரீன் மிதவைக் காற்சட்டை ஒண்டு வாங்குங்கோ, இடுப்பில இருந்து முழங்கால் வரைக்கும்தான். இடுப்பு உயருற விதம் கிட்டத்தட்ட வெட்சூட் மாதிரியே இருக்கும், நெஞ்சும் கையும் திறந்திருக்கிறதால சூடு ஏறாது. கிழமைக்கு ரெண்டு நாள் பூலில அதோட 4 தரம் 400 மீற்றர், நடுவில 30 செக்கன் ஓய்வு. தோளுக்கு வெட்சூட்டின்ர இழுவையைப் பழக்க, கரையில ரப்பர் பட்டியைக் கட்டி நீச்சல் இழுவை மாதிரி 3 தரம் 20. வெட்சூட்டைத் தண்ணியே இல்லாம ஏசி அறையில போட்டுக் கழட்டுறதை ஒரு தனிப் பயிற்சியா எடுங்கோ. போட்டிக்கு முதல் இருபது தரமாவது போட்டிருக்கோணும், அதில அஞ்சாறு தரம் கடலில எண்டாப் போதும்.

பூலில வெட்சூட் போட முதல் அங்கத்த ஆக்களிட்ட கேளுங்கோ, சில இடத்தில விடமாட்டினம். குளோரின் ரப்பரைக் கெடுக்கும், உடன நல்ல தண்ணியில அலசோணும்.

கடலுக்குக் கல்கிசை சரி, ஆனா மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்தில அங்க இறங்குறது புத்தியில்லை. அந்த மாதங்களில கிழக்குக் கரையில நிலாவெளிப் பக்கம் கடல் அமைதி, வார விடுமுறையில போய் நீண்ட தூரம் நீந்தலாம், வெட்சூட் இல்லாம. ஒக்டோபர், நவம்பரில இங்க காலமைக் கடல் அடங்கத் தொடங்கும். இடியும் மழையும் பெரும்பாலும் பின்னேரம்தான், எண்டாலும் வானத்தைப் பார்த்து இறங்குங்கோ. பொல்கொட ஏரி குளிர்ச்சியா இருக்கும் எண்டு ஆரும் கூப்பிட்டாப் போகாதேங்கோ. அங்க முதலை இருக்கு, கறுப்பு ரப்பருக்கு அது பயப்படாது.

நீச்சல் முறையில மூண்டு மாத்தம். கால்: ரப்பர் தூக்கி வைச்சிருக்கு, அடிக்காதேங்கோ. ஒரு கைவீச்சுக்கு ஒரு சின்ன உதை, சமநிலைக்கு மட்டும். பெரிய தசையைச் சைக்கிளுக்கு விட்டு வையுங்கோ. கை: பூலில முழங்கையை நல்லா மடக்கி உயரத் தூக்கிக் கொண்டுவாற பழக்கம் இருக்கும். வெட்சூட்டில அந்த மடக்கல் ஒவ்வொண்டும் ரப்பரை இழுக்கும். கையைக் கொஞ்சம் நீட்டி, பக்கவாட்டால வீசிக் கொண்டுவாங்கோ. திறந்த கடலில அலைக்கு மேலால போகவும் அதுதான் வசதி. மூச்சு: நெஞ்சில இறுக்கம் இருக்கிறதால பாதி மூச்சு எடுத்துப் பாதி விட்டுக்கொண்டிருப்பீங்கள், அதில இருந்துதான் பதற்றம் தொடங்குது. தண்ணிக்குள்ள முழுசா ஊதிவிடுங்கோ, உள்ளிழுக்கிறது தானா நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. குளிர் தண்ணியில, இறுக்கமான வெட்சூட்டோட, சிலருக்கு நுரையீரலுக்குள்ள நீர் கசியும். நீந்திக்கொண்டிருக்கேக்க காரணமில்லாத இருமல், நெஞ்சில கறகறப்பு, இளஞ்சிவப்புச் சளி. தண்ணி குடிச்சதெண்டு நினைச்சுத் தொடரக் கூடாது. முதுகில திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டுங்கோ, வெளிய வந்து வைத்தியரைப் பாருங்கோ. உயர் இரத்த அழுத்தம் உள்ளவைக்கு ஆபத்துக் கூட, அவை போக முதல் வைத்தியரிட்டக் கேட்டுப் போங்கோ.

வத்தளை_ஓட்டம்:
எல்லாரும் முழுக்கைக்கே வாக்குப் போடுறீங்கள். 20 பாகைத் தண்ணிக்குக் கையில்லாதது காணாதா? தோளும் விடுதலை, போடவும் லேசு, விலையும் குறைவு. எங்கட உடம்புக்குச் சூடும் குறைவு. புதுசா வாற ஆளை ஏன் வீணாக் கஷ்டப்படுத்துறீங்கள்?

நியோ_ரப்பர்:
நியாயமான கேள்வி. தோள் அகலமான, ஒரு சைஸிலும் கை அடங்காத ஆளுக்குக் கையில்லாதது உண்மையிலேயே நல்ல தெரிவு. 22, 23 பாகைத் தண்ணீரிலும் அப்படித்தான். ஆனால் இரண்டு குறை. கமக்கட்டு வெட்டு தோலோடு முழுதாக ஒட்டாது, ஒவ்வொரு வீச்சிலும் அங்கே தண்ணீர் உள்ளே போகும். போனது நெஞ்சிலும் வயிற்றிலும் பையாக நின்று இழுக்கும். மற்றது குளிர். 28 பாகையில் பழகிய கொழும்பு உடம்புக்கு 20 பாகை என்பது, அங்கே பிறந்தவருக்கு 20 பாகை இருப்பது போல அல்ல. 44 நிமிடம் கை முழுக்கத் திறந்து நீந்தி வெளியே வந்தால் விரல் மரத்து ஹெல்மட் கிளிப் பூட்ட முடியாமல் நிற்பதைக் காணலாம்.

வேகக் கணக்கு: 1989இல் டூசான் என்ற ஆய்வாளரின் குழு அளந்தபோது செக்கனுக்கு 1.25 மீற்றர் வேகத்தில் வெட்சூட் நீர் இழுவையை 14 வீதம் குறைத்தது. சராசரி ஆளுக்கு 100 மீற்றருக்கு 5 செக்கன் மிச்சம் என்று வைத்தாலே 1.9 கிலோமீற்றருக்கு 95 செக்கன். கால் தாழ்பவருக்கு இன்னும் கூடும். தங்கை/தம்பி ஏற்கெனவே முழுக்கை வாங்கிவிட்டார், இழுவையும் குறைந்துவிட்டது. இனி மாற்றுவதற்குக் காரணம் இல்லை.

விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்புகிறார்கள். ஐயன்மேன் போட்டிகளில் வயதுப் பிரிவினருக்கு (தொழில்முறை அல்லாத போட்டியாளர்களுக்கு) 24.5 பாகை வரை தடையில்லை. அதற்கு மேல் 28.8 வரை, அனுமதிக்கும் போட்டிகளில் கூட, போட்டால் பரிசுக்கும் உலகப் போட்டித் தகுதிக்கும் கணக்கில்லை. 16க்குக் கீழ் கட்டாயம். சர்வதேசச் சம்மேளனமான வேர்ல்ட் ட்ரையத்லனின் விதி வேறு: வயதுப் பிரிவினருக்கு 1500 மீற்றர் வரையான நீச்சலுக்கு 22 பாகைக்கு மேல் தடை, அதைவிட நீண்டதற்கு 24.6க்கு மேல் தடை. அந்த விதியில் வெப்பநிலையைப் போட்டியன்று, தொடங்க ஒரு மணி நேரம் முன்னர், 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் அளப்பார்கள். ஆகவே முதல் நாள் கையால் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தடை வந்தால் போட ஒரு ஸ்விம்ஸ்கின்னும் பையில் இருக்கட்டும், அது வெறும் துணி. நியோபிரீன் காற்சட்டை அப்போது செல்லாது. கொழும்பு, கோவா, லங்காவி போன்ற இடத்துப் போட்டிகளுக்கு இந்த ரப்பர் உடுப்பை வாங்கவே வேண்டாம்.

கல்கிசை_அலை:
தம்பிதான் 🙂 கடைசிக் கேள்வி. வெளிய வந்து கழட்டுறது எப்பிடி? குதிக்காலில சிக்கி ஒத்தக்காலில துள்ளுறன். நேரம் அளக்கிற சிப் டைமர் எங்க கட்டுறது, உள்ளயா வெளியயா? கால் நுனியை வெட்டலாமோ?

லேன்_நாலு:
கழட்டுறது தண்ணியை விட்டு எழும்பின உடன தொடங்கோணும். உள்ளுக்க இன்னும் தண்ணிப் படலம் இருக்கும், அது வடிய முதல் மேல்பாதி வழுக்கிக்கொண்டு வரும். ரெண்டு நிமிசம் பிந்தினா ஒட்டிப்போடும். ஓடிக்கொண்டே ஒரு கையால வெல்க்ரோவைப் பிரிச்சு, அதே பட்டியைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால கயித்தை இழுங்கோ. பட்டியைப் பிடிக்காட்டிச் சிப் பாதியில நிக்கும். தோளை வெளிய தள்ளி, கையை உள்பக்கம் வெளியா உருவுங்கோ. தொப்பியும் கண்ணாடியும் கையில இருந்தா அதைக் கைக்குள்ளயே விட்டுட்டு உருவலாம், துலையாது. இடுப்பு வரைக்கும் இறக்கிப்போட்டுச் சைக்கிளடிக்கு ஓடுங்கோ. அங்க ஒரே தள்ளில தொடைக்குக் கீழ, முழங்காலுக்கும் கீழ. குனிஞ்சு கையால இழுக்காதேங்கோ. ஒரு காலால மற்றக் காலின்ர ரப்பரை மிதிச்சுக்கொண்டு முழங்காலை மேல தூக்குங்கோ, பிறகு மற்றது. மேசை, வேலி, ஏதாவது ஒண்டில ஒரு கை பிடிச்சிருங்கோ. குளிரில கெண்டைக்கால் பிடிக்கிறது இந்த இடத்திலதான்.

சிப் டைமர் இடது கணுக்காலில, ரப்பர் விளிம்புக்குக் கீழ, தோலில. அதுக்கு மேலால ரப்பர் வந்தா கழட்டேக்க அதில தான் சிக்கும். விளிம்பு நாலு விரல் மேல நிண்டா இந்தப் பிரச்சினையே இல்லை.

குதிக்காலில சிக்குதெண்டா வெட்டலாம். 2 சென்ரிமீற்றர் மட்டும் முதல், போட்டுக் கழட்டிப் பாருங்கோ, தேவையெண்டா இன்னும் 2. கூரான பெரிய கத்தரிக்கோல், ஒரே ஓட்டத்தில, பின்பக்கம் கொஞ்சம் உயரமாச் சரிச்சு. கடிச்சுக் கடிச்சு வெட்டினா ஒவ்வொரு பல்லிலயும் கிழியத் தொடங்கும். தையல் வெட்டுப்பட்ட இடத்தில நியோபிரீன் பசை ஒரு பொட்டு. வெட்டினா கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான் எண்டதையும் யோசிச்சு வெட்டுங்கோ.

உள்ளுக்க ட்ரைசூட்டை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூண்டுக்கும் போடுற மெல்லிய உடுப்பு) போட்டுக்கொண்டே வெட்சூட் போடலாம். கை வைச்ச ட்ரைசூட் எண்டா அதின்ர கை கமக்கட்டில சுருண்டு நிக்கும், அது திரும்பவும் தோளை இழுக்கும். வெட்சூட் கையை விடேக்க ட்ரைசூட் கை விளிம்பை விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ, அல்லது இடுப்பு வரைக்கும் இறக்கி விட்டுட்டுப் பிறகு ஏத்துங்கோ. போட்டி இலக்கம் கொழுவுற பட்டி சைக்கிளடியில கட்டினாக் காணும்.

தாமரை_கொட்டாஞ்சேனை:
பராமரிப்பு ரெண்டு வரி. ஒவ்வொரு தரமும் பைப் தண்ணியில உள்ளும் புறமும் அலசுங்கோ, சலவைத்தூள் வேண்டாம், மெசினில போடவே வேண்டாம். (உள்ளுக்க மூத்திரம் போறது எல்லாரும் செய்யிறதுதான், ஆனா அலசாம சுருட்டி வைச்சா வீட்டுக்காரர் உங்களையும் வெளிய வைப்பினம்.) உள்பக்கத்தை வெளிய திருப்பி, நிழலில, தடிச்ச கம்பில இடுப்பால மடிச்சுப் போட்டுக் காயவிடுங்கோ. தோளால கொழுவினா ஈரப் பாரத்தில தோள் இழுபட்டு நீளும். மொட்டை மாடி வெயிலும் கார் டிக்கியும் ரப்பரை வெடிக்கப் பண்ணும். எங்கட ஈரக்காத்தில பூஞ்சணம் பிடிக்கும், அதால பையில பூட்டி வைக்காம அலுமாரியில தளர்வாக் கிடக்கட்டும். விமானத்தில கைப்பையில எடுத்துப்போங்கோ, பெட்டி பிந்தினா ஆள் நீந்தமாட்டார். போட்டிக்கு மூண்டு நாள் முதலாவது போய், அங்கத்த தண்ணியில முழு வெட்சூட்டோட ரெண்டு தரம், 10 நிமிசமும் 20 நிமிசமும். இறங்கினதும் முகத்தைத் தண்ணியில வைச்சு ஒரு நிமிசம் ஊதிக்கொண்டு நில்லுங்கோ, அந்த முதல் மூச்சுத்திணறல் அடங்கினபிறகு நீந்துங்கோ.

கல்கிசை_அலை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. இண்டைக்குக் கழட்டேக்க தொடையில நகம் பட்டு ஒரு பிறை. துணி தெரியேல்லை, ரப்பர் மட்டும் திறந்திருக்கு. விட்டுடலாமோ?

நியோ_ரப்பர்:
விடாதீர்கள், அடுத்த முறை அதே மடிப்பைப் பிடிக்கும்போது ஓடிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். வெட்டைப் பின்பக்கமிருந்து விரலால் தள்ளினால் வாய் திறக்கும். கறுப்பு நியோபிரீன் பசையை ஈர்க்குச்சி நுனியால் இரண்டு உதட்டிலும் மெல்லியதாகப் பூசி 10 நிமிடம் காயவிடுங்கள். இரண்டாம் பூச்சுப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் நிலை வந்ததும் விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. சுப்பர் குளூ வேண்டாம், அது கல்லாக இறுகிப் பக்கத்தில் புதிதாகக் கிழிக்கும். 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள், பிறகு போடலாம்.